கிரிமினல் ஜஸ்டிஸ் படிக்க ஆசைப்படுற பிள்ளைங்களோட அப்பா அம்மாவுக்கும் நம்ம தமிழ்ச் சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

எல்லாருக்கும் வணக்கம்.

அமெரிக்காவுல இருக்குற தமிழ்ப் பெற்றோருக்கும், தமிழ்ப் பள்ளியில வருஷா வருஷம் காலேஜ் வழிகாட்டிக் கூட்டம் போடுற சங்கத்துக்காரங்களுக்கும் சேர்த்துதான் இத எழுதுறேன். எனக்கு வேலை ஒரு கவுன்டி கவர்ன்மென்ட்ல, பேரோல் செக்‌ஷன். ஷெரிஃப் டெப்யூட்டி, ஜெயில் ஆபீசர், 911 போன் எடுக்குறவங்க, இவங்க எல்லார் சம்பளமும் எங்க கையைத் தாண்டித்தான் போகுது. அதனால யார் வீட்டுலயாவது கிரிமினல் ஜஸ்டிஸ், அதாவது போலீஸ், கோர்ட், ஜெயில் சம்பந்தப்பட்ட படிப்பு பத்தி பேச்சு வந்தா "சம்பளம் எவ்ளோ வரும், எவ்ளோ லோன் எடுக்கலாம்"னு எனக்கு போன் வந்துடுது. ஒவ்வொருத்தருக்கா சொல்லி வாய் வலிக்குது, மொத்தமா சொல்லிடுறேன்.

பிள்ளை வந்து கிரிமினல் ஜஸ்டிஸ் படிக்கப்போறேன்னு சொன்னதும் நம்ம வீட்டுல என்ன நடக்குதுன்னு உங்களுக்கே தெரியும். மொதல்ல "போலீஸ் வேலைக்கா இவ்ளோ தூரம் வந்தோம்"னு ஒரு ரெண்டு வாரம் சண்டை. பிள்ளை அசையலன்னு தெரிஞ்சதும் ஒரு சமரசம் வரும், சரி படி, ஆனா நல்ல பேர் இருக்குற பிரைவேட் யுனிவர்சிட்டியில படி, கேக்குறவங்ககிட்ட ப்ரீ-லா, அதாவது லா ஸ்கூல் போறதுக்கான படிப்புன்னு சொல்லிக்கலாம். என்னைக் கேட்டா மொதல்ல போட்ட சண்டையால ஒரு நஷ்டமும் இல்ல, அந்த சமரசத்துலதான் கடனே உள்ள வருது. போலீஸ்னு சொல்ல கூச்சம், அந்தக் கூச்சத்தை மறைக்க வருஷத்துக்கு 50,000, 60,000 டாலர் ஃபீஸ்.

இந்த ஃபீஸுக்கு சம்பளத்துல என்ன பலன்னு பாருங்க. லேபர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ப்யூரோ 2024 மே மாசக் கணக்குப்படி போலீஸ், டிடெக்டிவ் வேலையில நடுவுல நிக்கிற ஆளுக்கு வருஷத்துக்கு 77,270 டாலர். ஜெயில் ஆபீசர் வேலைக்கு 57,970. ஜெயிலுக்கு அனுப்பாம வெளிய விட்டவங்களைக் கண்காணிக்குற ப்ரொபேஷன் ஆபீசருக்கு 64,520. லேப்ல தடயம் பாக்குற ஃபரென்சிக் டெக்னீஷியனுக்கு 67,440. இது நாடு முழுக்க சேர்த்து எடுத்தது, கலிஃபோர்னியா நியூ ஜெர்சி பக்கம் மேல இருக்கும், தெற்குல சின்ன கவுன்டியில ரொம்ப கீழ இருக்கும். சாப்பாட்டுக்குத் திண்டாடுற சம்பளம் இல்ல, கேவலமா பேசவேண்டிய சம்பளமும் இல்ல, ஓவர்டைம் சேந்தா சில டெப்யூட்டிங்க நம்ம ஐடி மாப்பிள்ளைங்களை விட கூட வீட்டுக்கு எடுத்துட்டுப் போறாங்க, மேல பென்ஷன் வேற. ஆனா இந்தச் சம்பளம் எப்படி நிக்குதுன்னா யூனியன் கான்ட்ராக்ட்ல ஒரு கட்டம் போட்ட ஷீட்டுல நிக்குது. எத்தனை வருஷ சர்வீஸ், என்ன ரேங்க், நைட் ஷிஃப்டா, இவ்ளோதான். எந்த காலேஜ்னு கேக்குற கட்டம் அதுல இல்ல. டிகிரிக்குன்னு கூடுதலா குடுக்குற ஊரு உண்டு, மாசசூசெட்ஸ்ல 1970-லயே க்வின் பில்னு ஒண்ணு கொண்டுவந்து அசோசியேட் டிகிரிக்கு 10 சதவீதம், பேச்சலருக்கு 20, மாஸ்டருக்கு 25-னு அடிப்படைச் சம்பளத்துல ஏத்திக் குடுத்தாங்க, ஆனா அங்கயும் டிகிரி என்ன லெவல்னுதான் பாத்தாங்க, நீங்க ஃபீஸ் எவ்ளோ கட்டினீங்கன்னு பாக்கல. பிரைவேட்ல ரெண்டு லட்சம் டாலர் செலவழிச்சு வந்த பையனும் கம்யூனிட்டி காலேஜ்ல ரெண்டு வருஷம், ஸ்டேட் காலேஜ்ல ரெண்டு வருஷம் படிச்சு வந்த பொண்ணும் போலீஸ் அகாடமியில ஒரே நாள் சேந்தா மொத செக் ஒரே தொகைதான்.

அதுக்கும் மேல, பெரும்பாலான போலீஸ் டிபார்ட்மென்ட்ல நாலு வருஷ டிகிரியே கேக்குறது இல்ல, ஹைஸ்கூல் முடிச்சா போதும்ன்றாங்க. நியூயார்க் சிட்டி போலீஸ்ல ரொம்ப காலமா 60 காலேஜ் கிரெடிட் கேட்டாங்க, ஆள் கிடைக்காம 2025-ல அத 24-ஆ குறைச்சுட்டாங்க. அதே ஊர்ல இந்தத் துறைக்குன்னே பேர் போன ஜான் ஜே காலேஜ் இருக்கு, 1964-ல ஆரம்பிச்சது, சிட்டி யுனிவர்சிட்டியோட காலேஜ், நியூயார்க்காரங்களுக்கு வருஷ ட்யூஷன் 6,930 டாலர். இந்தத் துறையில கௌரவம்னா அதுதான் கௌரவம், அங்க படிச்சவன்னா டிபார்ட்மென்ட்ல மரியாதையே தனி. ஆனா நம்ம ஆளுங்க வாட்ஸ்அப் ரேங்கிங் லிஸ்ட்ல அது இல்லைன்னு தள்ளிடுறாங்க.

சரி இப்ப கடனுக்கு வரேன். பிள்ளை பேர்ல ஃபெடரல் லோன் எடுத்தா சட்டமே ஒரு வேலி போட்டிருக்கு. உங்களை நம்பி இருக்குற பிள்ளைன்னா மொத வருஷம் 5,500, ரெண்டாவது வருஷம் 6,500, அப்புறம் 7,500, 7,500, நாலு வருஷத்துக்கு மொத்தம் 27,000. 2025-26-ல வட்டி 6.39 சதவீதம். 27,000-த்தை அந்த வட்டியில பத்து வருஷத்துல கட்டணும்னா மாசம் சுமார் 305 டாலர் வரும் (படிக்கும்போதே ஏறுற வட்டி தனி). அந்த ஜெயில் ஆபீசர் சம்பளம் 57,970-ஐ வெச்சுப் பாருங்க, வருஷ சம்பளத்துல ஆறு சதவீதம் சொச்சம். இந்த அளவு கடனை தாங்கிக்கலாம். 2014-ல ஒபாமா காலத்துல லாப நோக்கத்துல நடத்துற காலேஜ்களுக்கு ஒரு விதி கொண்டுவந்தப்ப படிச்சு முடிச்சவங்களோட லோன் தவணை வருஷ சம்பளத்துல 8 சதவீதத்துக்குள்ள இருக்கணும்னு ஒரு கோடு போட்டாங்க, அந்த விதியை 2019-ல தூக்கி, 2023-ல திரும்ப கொண்டுவந்து, அது ஒரு பெரிய கூத்து. கூத்து கிடக்கட்டும், அந்த 8 சதவீதக் கோடு மட்டும் வீட்டுக் கணக்குக்கு நல்ல கோடு, நான் எல்லார்கிட்டயும் அதத்தான் சொல்றேன்.

பிரச்சினை வர்றது பேரன்ட் ப்ளஸ்ல. பிள்ளை லோன் பத்தாதுன்னு காலேஜ் ஆபீஸ்லயே சிரிச்சுக்கிட்டே "மீதிக்கு பேரன்ட் ப்ளஸ் இருக்கு"ன்னு உதவித்தொகை விவரம் சொல்ற அவார்ட் லெட்டர்லயே சேத்து அடிச்சுக் குடுத்துடுறாங்க, பாக்க ஸ்காலர்ஷிப் மாதிரியே இருக்கும். அது உங்க பேர்ல எடுக்குற கடன். வட்டி 2025-26-ல 8.94 சதவீதம். முன்னாடி படிப்புச் செலவு எவ்ளோவோ அவ்ளோ வரைக்கும் எடுக்கலாம்னு இருந்துச்சு. 2025 ஜூலைல கையெழுத்தான சட்டத்துல 2026 ஜூலை 1-லருந்து புதுசா எடுக்குறவங்களுக்கு ஒரு பிள்ளைக்கு வருஷம் 20,000, மொத்தம் 65,000-னு உச்சவரம்பு வெச்சிருக்காங்க. நல்ல விஷயம்தான், ஆனா அந்த 65,000-ஐயே பாருங்க, இதே வட்டியில பத்து வருஷம்னா மாசம் 820 கிட்ட. பிள்ளையோட 305-ஐயும் சேத்தா ஒரு குடும்பம் மாசம் 1,100-க்கு மேல கட்டுது. ஜெயில் ஆபீசருக்கு டாக்ஸ், பென்ஷன், இன்சூரன்ஸ் பிடித்தம் போக கையில வர்றது 4,000-க்கு கீழ. "கடன் நான்தானே கட்டப்போறேன்"னு அப்பாக்கள் சொல்லுவீங்க. 52 வயசுல, 401கே ரிட்டயர்மென்ட் சேமிப்புல போடவேண்டிய காசை நிறுத்தி, சம்பள ஷீட்டுல இடமே இல்லாத ஒரு பேருக்காக கட்டுறீங்கன்றத மட்டும் யோசிங்க.

இன்னொண்ணு, கூட்டத்துல ஒருத்தர் விடாம கேக்குறது: "கவர்ன்மென்ட் வேலைன்னா பத்து வருஷத்துல லோன் தள்ளுபடி ஆயிடுமாமே?" ஆமா, பப்ளிக் சர்வீஸ் லோன் ஃபர்கிவ்னஸ், 2007 சட்டம், 120 மாசத் தவணை தகுதியுள்ள திட்டத்துல கட்டி அந்தக் காலம் முழுக்க அரசாங்கத்துலயோ தகுதியுள்ள தொண்டு நிறுவனத்துலயோ முழுநேர வேலை பாத்தா மீதியை தள்ளுபடி பண்ணுவாங்க. போலீஸ், ஜெயில், ப்ரொபேஷன், கோர்ட் எல்லாம் இதுல வரும். ஆனா இந்தக் கணக்கு கடன் யார் பேர்ல இருக்கோ அவங்க வேலையைப் பாத்து போகும். பேரன்ட் ப்ளஸ் உங்க பேர்ல. நீங்க வேலை பாக்குறது ஐடி கன்சல்டிங் கம்பெனியில. உங்க பொண்ணு இருபது வருஷம் ஷெரிஃபா இருந்தாலும் உங்க பேர்ல இருக்குற கடனுக்கு ஒரு சென்ட் தள்ளுபடி வராது. மாச வருமானத்தைப் பாத்து தவணை கட்டுற திட்டத்துல பிள்ளை பேர்ல இருக்குற 27,000-க்கு அது உதவும், உங்க பேர்ல இருக்குற பெரிய கடனுக்கு உதவாது. சலுகை பிள்ளைக்கு, சுமை உங்களுக்கு, ரெண்டும் சந்திக்கவே சந்திக்காது. பிரைவேட் பேங்க்ல கோ-சைன் பண்ணி எடுத்தது அந்தத் தள்ளுபடியில வரவே வராது, எச்1பி-ல இருக்குறவங்களுக்கு பேரன்ட் ப்ளஸ் கிடைக்காதுன்னு அங்க போய் கையெழுத்துப் போட்டுட்டு வராங்க, அதுக்காகத்தான் இதையும் சொல்றேன்.

ஒரு காலத்துல இந்த நாட்டுலயே இது வேற மாதிரி இருந்துச்சு. 1968-ல ஒரு பெரிய சட்டம் வந்தப்ப போலீஸ் படிக்கணும்னு அரசாங்கமே காசு போட்டு ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க, வேலையில சேந்தா வருஷத்துக்கு நாலுல ஒரு பங்கு லோன் கழிஞ்சிடும், நாலு வருஷத்துல முடிஞ்சிடும். இந்தப் படிப்பு இத்தனை காலேஜ்ல பரவினதுக்கு அதுவும் ஒரு காரணம். அந்தக் காசு நின்னு போச்சு, கோர்ஸுங்க மட்டும் நிக்குது.

கடன் கட்டாம விட்டா என்ன ஆகும்னு மத்த படிப்புக்காரன் கேட்டா கிரெடிட் ஸ்கோர் போகும்னு சொல்லுவேன். இந்தப் படிப்புக்காரனுக்கு வேலையே போகும். போலீஸ் செலக்‌ஷன்ல பேக்ரவுண்ட் செக்னு வீடு வீடா வந்து விசாரிப்பாங்க, அதுல கிரெடிட் ரிப்போர்ட்டும் எடுப்பாங்க, கடன்ல மூழ்கினவன் லஞ்சத்துக்கு வளைவான்றது அவங்க பயம். எஃப்.பி.ஐ இன்னும் கறார், ஃபெடரல் ஸ்டூடண்ட் லோன்ல டிஃபால்ட் ஆனவங்களை எடுக்கவே மாட்டோம்னு தகுதியிழப்பு லிஸ்ட்லயே போட்டிருக்காங்க. எஃப்.பி.ஐ ஆகணும்னு கடன் வாங்கிப் படிச்சு, அந்தக் கடனாலயே எஃப்.பி.ஐ கதவு மூடினா எப்படி இருக்கும்? எஃப்.பி.ஐன்னு சொன்னதால இதையும் சொல்லிடுறேன், அவங்க ஸ்பெஷல் ஏஜன்ட்டுக்கு கேக்குறது ஏதோ ஒரு நாலு வருஷ டிகிரி, ரெண்டு வருஷ வேலை அனுபவம், 23 வயசுக்கு மேல, 37 ஆகறதுக்குள்ள. கிரிமினல் ஜஸ்டிஸ்தான் வேணும்னு கேக்கல. அக்கவுண்டிங், சட்டம், கம்ப்யூட்டர், வெளிநாட்டு பாஷை தெரிஞ்சவங்களைத்தான் தேடுறாங்க. டிவி சீரியல் பாத்துட்டு வர்ற பிள்ளைங்ககிட்ட மெதுவா இத சொல்லுங்க, அக்கவுண்டிங் மேஜர், கிரிமினல் ஜஸ்டிஸ் மைனர்னு போனாலும் கனவு அப்படியே இருக்கும்.

டிவி விளம்பரம், ஆன்லைன் விளம்பரம் பாத்து சேர்றவங்களுக்கு ரெண்டு காலேஜ் கதை சொல்றேன். ஒண்ணு வெஸ்ட்வுட் காலேஜ். சிகாகோ பக்கம் கிரிமினல் ஜஸ்டிஸ் டிகிரின்னு 70,000 டாலருக்கு மேல வாங்கினாங்க, போலீஸ் ஆகலாம்னு சொல்லி சேத்தாங்க, கடைசியில இல்லினாய் ஸ்டேட் போலீஸ், சிகாகோ போலீஸ் மாதிரி இடங்கள்ல அந்த காலேஜோட அக்ரெடிடேஷன் (அங்கீகாரம்) செல்லாதுன்னுட்டாங்க. 2012-ல இல்லினாய் அட்டர்னி ஜெனரல் லிசா மடிகன் கேஸ் போட்டாங்க, 2016-ல காலேஜ் மூடிச்சு, 2022 ஆகஸ்ட்ல ஃபெடரல் கல்வித்துறை 79,000 பேரோட 150 கோடி டாலர் கடனை மொத்தமா ரத்து பண்ணுச்சு. எல்லா கோர்ஸும் சேத்துதான் அந்தக் கணக்கு, ஆனா ஆரம்பிச்சு வெச்ச கோபம் இந்தக் கோர்ஸ்காரங்களோடது. கேஸ் போட்டதுக்கும் ரத்துக்கும் நடுவுல பத்து வருஷம், 22 வயசுல படிச்சு முடிச்சவனுக்கு 32. இன்னொண்ணு மினசோட்டா ஸ்கூல் ஆஃப் பிசினஸ், அதோட தங்கச்சி க்ளோப் யுனிவர்சிட்டி. மினசோட்டாவுல போலீஸ் ஆகணும்னா அந்த ஸ்டேட் போர்டு ஒத்துக்கிட்ட ப்ரோக்ராம்ல படிச்சிருக்கணும், இவங்க ப்ரோக்ராம் அதுல இல்ல, ஆனாலும் போலீஸ் ஆகணும்னு வந்த பிள்ளைங்களை சேத்தாங்க. 2014-ல கேஸ், 2016-ல மோசடின்னு கோர்ட்டே சொல்லிடுச்சு. அதனால காலேஜ் கவுன்சிலர்கிட்ட "வேலை கிடைக்குமா"ன்னு கேக்காதீங்க, அவரு கிடைக்கும்னுதான் சொல்லுவாரு. பிள்ளை சேரணும்னு நினைக்கிற டிபார்ட்மென்ட் ரெக்ரூட்டருக்கு போன் போட்டு "இந்தக் காலேஜ் கிரெடிட்டை ஒத்துக்குவீங்களா"ன்னு கேளுங்க. நல்லா பேசுவாங்க, அவங்களுக்கும் ஆள் வேணும்.

எச்4-ல, அதாவது எச்1பி-காரங்க குடும்பத்துக்கான விசாவுல இருக்குற பிள்ளைங்களோட அப்பா அம்மா இத ரெண்டு தடவை படிங்க. உங்க பிள்ளைக்கு ஃபெடரல் லோனும் இல்ல, கிரான்ட்டும் இல்ல. நிறைய ஸ்டேட்ல போலீஸ் ஆக சிட்டிசனா இருக்கணும், எஃப்.பி.ஐக்கு கட்டாயம் இருக்கணும். கலிஃபோர்னியா 2023-லருந்து வேலை செய்ய சட்டப்படி அனுமதி இருந்தா போதும்னு மாத்திருக்கு, இல்லினாயும் அந்தப் பக்கம் நகர்ந்திருக்கு, ஆனா எச்4 பிள்ளைக்கு அந்த வேலை அனுமதியே இல்லையே. 21 வயசுல டிபெண்டன்ட் ஸ்டேட்டஸ் முடியும், இந்தியாவுக்கான கிரீன் கார்டு க்யூ எங்க நிக்குதுன்னு உங்களுக்கு சொல்லவேண்டியதில்ல. இந்தப் பிள்ளைங்களுக்கு முழு ஃபீஸ் கட்டி கிரிமினல் ஜஸ்டிஸ் படிக்க வெக்கிறது, மனசு கஷ்டமா இருந்தாலும் சொல்றேன், இப்போதைக்கு வேண்டாம். டேட்டா, சைக்காலஜி, அக்கவுண்டிங் ஏதாவது படிக்கட்டும், பேப்பர் வந்த அப்புறம் அகாடமிக்கு எந்த டிகிரியோடவும் போகலாம்.

எதிர்ப்பக்கம் பேசுறவங்களும் இருக்காங்க, அவங்க கையில இருக்குறது நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் பேங்க் கணக்கு. புதுசா டிகிரி முடிச்சவங்கள்ல டிகிரி தேவைப்படாத வேலையில இருக்குறவங்க யாருன்னு அவங்க மேஜர் வாரியா போடுறாங்க, அதுல கிரிமினல் ஜஸ்டிஸ் வருஷா வருஷம் மேல நிக்குது, மூணுல ரெண்டு பேர் கிட்ட. இத காட்டி "இது வெத்துப் படிப்பு"ன்னு போன கூட்டத்துல ஒரு அண்ணன் அடிச்சுப் பேசினாரு. அவரு பாக்காம விட்டது, போலீஸ் வேலையே அந்தக் கணக்குல டிகிரி தேவைப்படாத வேலைதான். எழுபதாயிரம் வாங்குற பாட்ரோல் ஆபீசரும் அந்த ரெண்டு பங்குல இருக்கான், மாலுக்கு வெளிய டார்ச் வெச்சுக்கிட்டு நிக்கிற செக்யூரிட்டியும் இருக்கான். அந்த ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்குற தூரம்தான் நீங்க பாக்கவேண்டியது. பேக்ரவுண்ட் செக், பாலிகிராஃப், ஓட்டம், மெடிக்கல், இதுல எங்கயாவது தட்டிட்டா இந்த டிகிரியை வெச்சுக்கிட்டு அடுத்து எங்க போறதுன்னு பிள்ளைகிட்ட பதில் இருக்கணும். கடன் கம்மியா இருந்தா அந்தப் பதில் தேட டைம் கிடைக்கும். கல்வித்துறையோட காலேஜ் ஸ்கோர்கார்டுல காலேஜ் பேரும் கோர்ஸும் போட்டா அங்க முடிச்சவங்கள்ல நடுவுல நிக்கிற ஆளுக்கு கடன் எவ்ளோ, சம்பாத்தியம் எவ்ளோன்னு பக்கத்துல பக்கத்துல காட்டும், இலவசம். மேல சொன்ன 2025 சட்டத்துல, படிச்சு முடிச்சவங்க சம்பாத்தியம் ஹைஸ்கூல் முடிச்சவங்களை விட கம்மியா இருந்தா அந்தக் கோர்ஸுக்கு ஃபெடரல் லோன் கிடையாதுன்னு ஒரு பரிட்சை வெச்சிருக்காங்க, ஆனா அது சம்பளத்தை மட்டும்தான் பாக்குது, கடன் எவ்ளோன்னு கேக்கவே இல்ல. அரசாங்கம் பாஸ் போட்டுடுச்சுன்னு நீங்களும் பாஸ் போடாதீங்க.

ப்ரீ-லான்னு சொல்றவங்களுக்கு ஒரே வரி. லா ஸ்கூல் சேர குறிப்பிட்ட மேஜர்னு எதுவும் கிடையாது, எதைப் படிச்சாலும் மார்க்கும் எல்சாட்னு சொல்ற லா ஸ்கூல் நுழைவுத் தேர்வும்தான் முக்கியம், அப்புறம் அதே 2025 சட்டத்துல புதுசா சேர்றவங்களுக்கு மேல்படிப்புக்கான கிராட் ப்ளஸ் லோன் போச்சு, லா மாதிரி படிப்புக்கு வருஷம் 50,000, மொத்தம் 200,000-தான் ஃபெடரல் லோன், அதனால இளங்கலையில கையை சுட்டுக்கிட்டு அங்க போகாதீங்க.

இப்ப சங்கத்துக்காரங்களுக்கு. ஒவ்வொரு வருஷமும் கரியர் டேல மேடையில யார் உக்காருறாங்க? ரெண்டு டாக்டர், நாலு சாஃப்ட்வேர், ஒரு ஃபைனான்ஸ். யூனிஃபார்ம் போட்ட ஒருத்தரைக் கூட இதுவரைக்கும் நான் பாத்ததில்ல. நம்ம பிள்ளைங்கள்ல டெப்யூட்டியா, ப்ரொபேஷன் ஆபீசரா, க்ரைம் லேப்ல இருக்குறவங்க இருக்காங்க, அவங்க அப்பா அம்மாவே வெளிய சொல்லிக்கிறது இல்ல, அதனால உங்களுக்கு தெரியல. ஆசைப்படுற பிள்ளைக்கு கேட்டு தெரிஞ்சிக்க ஆளே இல்லாதப்பதான் அது விளம்பரத்தைப் பாத்து சேருது, நீங்களும் ரேங்கிங்கைப் பாத்து சேத்து விடுறீங்க.

அடுத்த கரியர் டேக்கு ஒரு டேபிள் குடுங்க. பொன்னாடை மேடை ஒண்ணும் வேணாம், சமோசா கவுன்டர் பக்கத்துல இருந்தாலும் சரி. ஒரு டெப்யூட்டியும் ஒரு ப்ரொபேஷன் பொண்ணும் வரேன்னு ஒத்துக்கிட்டாங்க, ரெண்டு பேருமே தமிழ் பேசுவாங்க, அவங்க தமிழைக் கேட்டு சிரிக்காம இருந்தா சரி. சம்பள ஷீட்டை நான் கொண்டு வரேன், அது பப்ளிக் ரெக்கார்டுதான், ஒளிக்க ஒண்ணுமில்ல. பெற்றோர்கள் காலேஜ்லருந்து வந்த அவார்ட் லெட்டரை எடுத்துட்டு வாங்க, ஸ்காலர்ஷிப் எது, லோன் எதுன்னு பேனாவுல கோடு போட்டுப் பிரிச்சுத் தரேன். பிள்ளையையும் கூட்டிட்டு வாங்க, கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி.